புத்தகக் கண்காட்சி மலைக்கும் ஏறி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

செப்டம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்கு, தரம் 8இல் படிக்கும் பேத்தியோடு போய்வந்தேன். நான் ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டக் கணக்கப்பிள்ளை. ஹட்டனில் விடியுமுன் பஸ் ஏறினால், கினிகத்தேனை, கித்துல்கல வளைவுகளெல்லாம் முடிந்து அவிசாவளையில்தான் வயிறு நிலைக்கு வரும்.

கூட்டமென்றால் கூட்டம்! சிங்களப் பிள்ளைகள் கையில் பட்டியலோடு கடை கடையாக ஏறி இறங்குவதைப் பார்க்கவே ஆசையாக இருந்தது. தமிழ்க் கடைகளில் சென்னைப் பதிப்புகள் நிறைய. பின்னட்டையில் இந்திய விலை. அதைப் பெருக்கி, உள்பக்கத்தில் பென்சிலால் நம் விலை. பேத்தி ஒரு நாவலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேசாமல் இருந்த இடத்திலேயே வைத்தாள். விலைக்கழிவு போகவும் அது எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. இங்கேயே அச்சான மலையகச் சிறுகதைத் தொகுப்பொன்று வாங்கினோம். சரி, அதுவும் நல்லதுதான்.

அப்புறம் காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வோர்ட் காலத்தில், 1859இல் வேலை முடிந்த நடைபாதை அது. இறால் பதித்த இஸ்ஸோ வடையைக் கடித்தபடி நின்றவளின் முகத்தில் அலை தெறித்தது. உதட்டை நக்கிப் பார்த்து, "உண்மையாவே உப்புத்தான் தாத்தா" என்றாள்.

கடலை மலைக்குக் கொண்டுவர முடியாது. புத்தகக் கடைகளைக் கொண்டுவரலாமே! கண்காட்சி முடிந்ததும் சில பதிப்பாளர்களாவது ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கடை விரிக்கட்டும். தோட்டத்தில் சம்பளம் போடும் பத்தாம் திகதிக்கு அடுத்து வரும் சனி, ஞாயிறாகப் பார்த்து வைத்தால் விற்பனைக்கும் குறைவிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை,
டிக்கோயா.