பினாயில் ஊற்றிய பிஸ்கெட்

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது, இல்லையென்றால் உனக்கு ஏதாவது வேலை வந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து டைப் செய்கிறேன். லைப்சிக்கிலிருந்து நாங்கள் மன்னார்குடி திரும்பி நாலு மாசம் ஆகிறது. அங்கே இருந்த இரண்டு மாசமும் உன்னிடம் சொல்லலாம் என்று வாயெடுத்து வாயெடுத்து விழுங்கிய ஒரு விஷயம் இருக்கிறது.

அதற்கு முன்னால் இன்னொன்று. கடைகள் உணவை வீணாக்குவது பொறுக்காமல் நீ சூப்பர் மார்க்கெட் குப்பைத் தொட்டியில் எடுத்துச் சாப்பிடுகிறாய் என்று போன வருஷம் உன் அத்தை மூலமாகத் தெரிந்தபோது, "எச்சில் பொறுக்கித் தின்னவா உன்னை ஜெர்மனிக்கு அனுப்பினேன்" என்று கேட்டேன். நீ எதிர்த்துப் பேசவில்லை. "ஒரு தடவை வந்து பாருங்கப்பா" என்று மட்டும் சொன்னாய். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. எச்சில் என்றால் ஒருத்தர் வாய் வைத்தது. நீ எடுப்பது யாருமே சாப்பிடத் தொடாதது, அட்டையும் பிளாஸ்டிக்கும் பிரிக்காமல் அப்படியே வந்து விழுந்தது. பொருளைப் பார்க்காமலே பெயர் வைத்துவிட்டேன், அதுவும் 31 வருஷம் மளிகைக் கடையில் நின்றவன்.

அந்த நவம்பர் ராத்திரி இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. மணி பத்தரை இருக்கும். நீ தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு மூடியைத் தூக்கினாய், நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்றம் அடிக்கும் என்று கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன். ஒன்றும் அடிக்கவில்லை, அந்தக் குளிருக்குத் தொட்டியே ஃப்ரிட்ஜ் மாதிரி இருந்தது. முதலில் நீ எடுத்தது ஒரு வலைப்பை ஆரஞ்சு, அந்த ஊரில் மாண்டரின் என்கிறார்கள். பன்னிரண்டு பதின்மூன்று பழம் இருக்கும். அதில் ஒன்றே ஒன்றுதான் பச்சைப் பூஞ்சணம் பிடித்திருந்தது, அதன் தூள் பக்கத்து இரண்டு பழத்தின் மேல் லேசாக ஒட்டியிருந்தது. உன் கையிலிருந்து அதை நான் வாங்கினேன், ஞாபகம் இருக்கிறதா? கை தானாகப் போனது. நம் கடையாக இருந்தால் வலையைக் கட்டைவிரலால் கிழித்து, கெட்டதை எறிந்துவிட்டு, அந்த இரண்டையும் ஈரத்துணியால் துடைத்து, இன்றைக்கே போகட்டும் என்று முன்வரிசையில் வைத்திருப்பேன். ஒரு நிமிஷ வேலை. அடுத்து மூன்று கலர் குடைமிளகாய் ஒரே பாக்கெட்டில், பச்சை மட்டும் தொளதொளத்துப் போனது. பத்து முட்டை அட்டையில் ஒன்று விரிசல். தேதி முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிற தயிர்.

ஒரு வியாபாரியாக எனக்கு அந்தக் கணக்கு புரிந்தது, புரிந்ததுதான் வேதனை. ஒரு ஆளை நிறுத்திப் பழத்தைப் பிரிக்கச் சொன்னால் அந்த ஊரில் கூலி பழத்தை விட அதிகம். பாதி விலைக்குப் போட்டால் பக்கத்தில் இருக்கும் புதுசு விற்காது. கடை மூடும் நேரத்தில் வருகிறவனுக்கும் எட்டு வகை ரொட்டி தட்டு நிறைய இருக்க வேண்டும், இல்லையென்றால் அவன் நாளைக்கு வேறு கடைக்குப் போய்விடுவான். நம் கடையில் சாயங்காலம் "தக்காளி தீர்ந்துபோச்சு, காலைல வாங்க" என்று சொல்வது எனக்குப் பெருமையாக இருக்கும். அங்கே அது அவமானம். மிஞ்சினால் எறியலாம், தீர்ந்துபோனால்தான் நஷ்டம் என்று கடையை நடத்துகிறார்கள்.

நாம் எடுத்து முடித்துக் கிளம்பும்போது காலி பாட்டில் நிறைந்த தள்ளுவண்டியோடு ஒரு பெரியவர் சுவரோரம் நின்றிருந்தாரே. நீ அவருக்கு வழிவிட்டு, முட்டை அட்டையையும் ஒரு ரொட்டியையும் அவர் கையில் கொடுத்தாய். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது சொல்கிறேன். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நம் கடையில் 2 பெட்டி பிஸ்கெட் தேதி முடிந்து நின்றுவிட்டது. வழக்கமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏஜென்ட் அந்தத் தடவை, "எடுக்க முடியாது, அழிச்சிடுங்க, யாராவது சாப்பிட்டு ஏதாவது ஆச்சுன்னா உங்க தலையிலதான் விடியும்" என்று சொல்லிவிட்டார். தேதி முடிந்து நாலு நாள்தான். நமத்துக்கூடப் போகவில்லை, நானே ஒன்றைத் தின்று பார்த்தேன். இருந்தாலும் பயம். முனிசிபாலிட்டி தொட்டிப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டி, யாரும் எடுத்துவிடக் கூடாது என்று மேலே ஒரு பாட்டில் பினாயிலை ஊற்றினேன். நீ என் கூட வந்திருந்தாய். "ஏம்பா ஊத்துற?" என்று கேட்டாய். பக்கத்து டீக்கடை வாசலில் ஒரு வயசானவர் குந்தியிருந்தார், நான் கொட்டுவதைப் பார்த்து எழுந்து வந்தவர் பினாயில் வாசம் வந்ததும் அப்படியே நின்றார். கோபப்படவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டார். உனக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை, ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். உனக்கு இது ஞாபகம் இருக்குமோ இருக்காதோ. எனக்கு அந்த மனிதர் நின்ற நிலை மறக்கவில்லை மலர். உன்னை எச்சில் பொறுக்கி என்று திட்டியபோதும் உள்ளே அதுதான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

சரி, இனி அப்பாவாகக் கொஞ்சம் பேச விடு. ஓல்ஹிங் வழக்கைப் பற்றி நீயே சொன்னாய். மியூனிக் பக்கத்தில் 2018-ல் இரண்டு மாணவிகள் பூட்டிய தொட்டியிலிருந்து எடுத்தார்கள் என்று திருட்டு வழக்கு. எட்டு மணி நேரம் உணவு வங்கியில் வேலை செய்ய வேண்டும், மறுபடி மாட்டினால் ஆளுக்கு 225 யூரோ கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. அவர்கள் அரசியல் சாசன நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். தூக்கி எறிந்தாலும் அது கடைக்காரனுக்குச் சொந்தம்தான், விலையே இல்லாத பொருளையும் சட்டம் காப்பாற்றலாம் என்று 2020 ஆகஸ்டில் அங்கேயும் சொல்லிவிட்டார்கள். அவர்கள் அந்த நாட்டுப் பெண்கள். நீ விசாவில் இருக்கிறவள். பூட்டைத் தொடாதே, வேலி ஏறாதே. உன் கொள்கைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை, ஒரு தயிர் டப்பாவுக்காக உன் படிப்பு நின்றுவிடக் கூடாது என்று பயப்படுகிறேன். 2012-ல் ஆரம்பித்த அந்த ஃபுட்ஷேரிங் ஆட்களோடு சேர்ந்து வாரம் இரண்டு நாள் பேக்கரிக்குப் போய் மிச்சத்தை வாங்கி, பொது அலமாரியில் கொண்டுபோய் வைக்கிறாயே, அதை இன்னும் கூட்டு. கடைக்காரனே மனசோடு கொடுக்கிறான், ராத்திரியில் திருடன் மாதிரி நிற்க வேண்டியதில்லை. பிரான்ஸில் 2016-லேயே 400 சதுர மீட்டருக்கு மேல் இருக்கிற கடைகள் விற்காததை அழிக்கக் கூடாது, தான அமைப்புகளோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்துவிட்டார்களாம். எனக்கு அன்றைக்கு அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் பினாயில் பாட்டிலை எடுத்திருக்க மாட்டேன்.

இன்னொன்று, இதில் நீ என்னோடு சண்டை போட்டாலும் பரவாயில்லை. உன் கோபம் முழுக்கக் கடைகள் மேல் இருக்கிறது. ஆனால் ஜெர்மனியில் வருஷத்துக்குச் சுமார் 1.1 கோடி டன் உணவு குப்பைக்குப் போகிறது என்று நீ காட்டிய அதே அறிக்கையில், பாதிக்கு மேல் வீடுகளிலிருந்து போகிறது என்றும் இருந்தது. உலகக் கணக்கும் அப்படித்தான். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2022-ஆம் வருஷத்துக்குச் சொன்ன 105 கோடி டன்னில் 60 சதவீதம் வீட்டுச் சமையலறையிலிருந்து. நம் வீட்டு ஃப்ரிட்ஜை வந்ததும் திறந்து பார்த்தேன். சாம்பார் இரண்டு கிண்ணம், காய்ந்துபோன கொத்தமல்லி, என்ன என்றே தெரியாத ஒரு சட்னி. என் அம்மா இருந்தவரைக்கும் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழையதாகக் குடித்தோம். அதை விட்டதே நம் வீட்டில் ஃப்ரிட்ஜ் வந்தபிறகுதான். இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறேன், தயிரும் சின்ன வெங்காயமும் வைத்துக்கொண்டு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், குறைத்துவிட்டேன்.

அப்புறம், நீ எதையும் வாங்காமல் இருக்கப் பார்ப்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. குளிருக்கு ஒரு நல்ல பூட்ஸ் மட்டும் வாங்கிக்கொள், பழையது கிடைத்தால் பழையதே போதும். அத்தை கேட்டால் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். போன வாரம் கல்யாணத்தில் நாலு பேர் முன்னால் ஆரம்பித்தாள். "ஆமாம், எடுத்துச் சாப்பிடுகிறாள், நானும் சாப்பிட்டேன், ஆரஞ்சு நன்றாக இருந்தது" என்று சொன்னேன்.

அம்மா அங்கே செய்த ரொட்டி உப்புமாவுக்கு உன் அறைத்தோழி அளவு கேட்டாளாமே. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பேக்கரி மிச்சத்தில் வருகிற சின்ன பன் எட்டு, பெரிய வெங்காயம் இரண்டு, பச்சை மிளகாய் மூன்று (அவளுக்கு என்றால் ஒன்று). பன்னைக் கையால் பிய்த்து, மோர் தெளித்து, பிசறிப் பத்து நிமிஷம் மூடி வைக்க வேண்டும். கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து வெங்காயம் நன்றாகச் சிவந்தபிறகுதான் பன்னைப் போட வேண்டும். அந்த ஊர் ரொட்டியிலேயே உப்பு இருக்கிறது, கடைசியில் ருசி பார்த்துவிட்டுப் போட்டால் போதும். இரண்டு நாள் பழசு என்றால் மோரைக் கொஞ்சம் அதிகமாகத் தெளிக்கச் சொல்கிறாள்.

அப்பா