ஸ்டிக்கரில் 48 வோல்ட், உள்ளே ஐந்தே செல்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் கார்ட்லெஸ் டிரில், கிரைண்டர்களை ஒப்பிட்டு வந்த கட்டுரை 18, 20, 21, 48 வோல்ட் என்று அடுக்கி, வோல்ட் கூடினால் வலு கூடும் என்கிற பொருளில் எழுதப்பட்டிருந்தது. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை மரவேலைக்கும் ஒயரிங்குக்கும் போகிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்துத்தான் பணத்தைக் கொடுக்கிறார்கள். அந்த எண்ணை அப்படி நம்பக்கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் அயன் செல் ஒன்றுக்கு சராசரி 3.6 வோல்ட். ஐந்து செல்லை வரிசையாகக் கோத்தால் 18. அதே செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரை ஏறும். ஐந்துக்கும் சேர்த்து 21. ஆக 18 என்று எழுதினாலும், 20 மேக்ஸ் என்று எழுதினாலும், 21 என்று எழுதினாலும் உள்ளே இருப்பது அதே ஐந்து செல்தான். டிவால்ட் கம்பெனி அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்று விற்கும் வரிசையை ஐரோப்பாவில் 18 வோல்ட் என்றுதான் விற்கிறது. மூன்று செல் உள்ள சின்ன டிரில்லுக்கும் இதே கதைதான்: 10.8 என்றாலும் 12 என்றாலும் ஒன்றே.

இதைவிட மோசம், பெயரில்லாத மிஷின்களில் ஒட்டியிருக்கும் 48 வி, 88 விஎஃப், 128 விஎஃப் ஸ்டிக்கர்கள். இவற்றுக்கு எந்த மின் அர்த்தமும் கிடையாது. கடையிலேயே சோதிக்கலாம். மல்டிமீட்டரை டிசி 200 வோல்ட் ரேஞ்சில் வைத்து, பேட்டரியின் பிளஸ், மைனஸ் தகடுகளைத் தொடுங்கள். முழு சார்ஜில் 20க்கும் 21க்கும் நடுவில் காட்டினால் அது ஐந்து செல் பேட்டரி. மீட்டர் இல்லையென்றால் சார்ஜரைத் திருப்பி அவுட்புட் எவ்வளவு என்று படியுங்கள். 21 வோல்ட் சார்ஜரால் 48 வோல்ட் பேட்டரியை சார்ஜ் செய்யவே முடியாது.

உண்மையில் ஒப்பிட வேண்டியது வாட் ஹவர், அதாவது பேட்டரி மொத்தமாகத் தரக்கூடிய ஆற்றல். வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் (எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் தரும் என்ற அளவு) பெருக்கினால் வரும்: 18 வோல்ட், 2 ஆம்பியர் ஹவர் என்றால் 36, 5 என்றால் 90. ஆனால் ஆம்பியர் ஹவரையும் இஷ்டத்துக்கு அச்சடிக்கிறார்கள் என்பதால் தராசு வேண்டும். 18650 என்கிற செல் (18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம்) ஒன்று 45 முதல் 48 கிராம். 2 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் ஐந்து செல். கூடு, போர்டு எல்லாம் சேர்த்து 350 முதல் 400 கிராம் வரும். 5 ஆம்பியர் ஹவர் என்றால் பத்து செல், 600 கிராமுக்கு மேல் இருக்கும். 10 ஆம்பியர் ஹவர் என்று எழுதியிருக்கும் பேட்டரி காய்கறிக் கடைத் தராசில் 400 கிராம் காட்டினால், எழுத்து பொய். இப்போது வரும் 21700 செல் தடிமனானது, ஒன்று சுமார் 70 கிராம். அதில் ஐந்து செல்லிலேயே 4 ஆம்பியர் ஹவர் நியாயமாகக் கிடைக்கும்.

எடையும் சரியாக இருந்து சந்தேகம் தீரவில்லை என்றால் இன்னொரு சோதனை உண்டு. கார் ஹெட்லைட் பல்பு, 12 வோல்ட் 55 வாட், இரண்டை சீரியலில் (ஒன்றன்பின் ஒன்றாக) இணைத்து பேட்டரியில் கொடுங்கள். சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். அப்படியென்றால் 4 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்க வேண்டும், 2 என்றால் அரை மணி. மீட்டரை மாட்டியே வைத்திருங்கள். 15 வோல்ட்டுக்கு இறங்கியதும் கழற்றிவிட வேண்டும். பல்பு தானாக நிற்காது, விட்டுவிட்டுச் சாயா குடிக்கப் போனால் செல் செத்துவிடும். பல்பு பயங்கரமாகச் சுடும், மரத்தூள் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கிரைண்டர் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாலு இஞ்ச் கிரைண்டர் கல்லறுக்கும்போது 700 வாட் கேட்டால், 18 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 39 ஆம்பியர். பத்து செல் பேட்டரியில் இரண்டு இரண்டாக இணைத்திருப்பதால் ஒரு செல்லுக்கு 20 ஆம்பியர் வீதம் பங்காகும். ஐந்து செல் பேட்டரியில் அந்த 39ம் ஒவ்வொரு செல் வழியாகவும் போகும். வோல்ட் சரிந்து மிஷின் நின்று நின்று ஓடுவதும், கூடு கை வைக்க முடியாமல் சுடுவதும் இதனால்தான். "மிஷின் கம்ப்ளைண்ட்" என்று தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள். மிஷினில் ஒன்றுமில்லை, பேட்டரிதான் சின்னது. ஸ்க்ரூ அடிக்க, மரத்தில் துளை போட 2 ஆம்பியர் ஹவர் தாராளம். ரப்பர் மரத்துக்கும் கெட்டியான அயனி மரத்துக்கும் ஒரே பேட்டரி ஒரே நேரம் நிற்காது என்பது ஆசாரிமார்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காங்கிரீட்டுக்கு வோல்ட்டோ ஆம்பியரோ வழி காட்டாது. சாதாரண ஹேமர் டிரில் வெட்டுக்கல் சுவருக்கும் செங்கலுக்கும் போதும். பில்லரில், பீமில் துளை போட எஸ்டிஎஸ் பிளஸ் பிட் (அடிப்பகுதியில் பள்ளம் வெட்டிய பிட்) ஏற்கும் ரோட்டரி ஹேமர்தான் வேண்டும். அது பிஸ்டன் கொண்டு குத்துவதால் கையால் அழுத்த வேண்டியதில்லை.

ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றுக்கு ஏறாது என்பதால் சந்தையில் அடாப்டர் விற்கிறார்கள். இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. வோல்ட் இறங்கினால் நிறுத்தும் சர்க்கியூட் சில கம்பெனிகளில் பேட்டரிக்குள் இருக்கும், சிலவற்றில் மிஷினுக்குள் இருக்கும். இரண்டையும் அடாப்டரில் கலந்தால் நிறுத்துவதற்கு ஆளே இல்லாமல் போகலாம். மகிட்டா கம்பெனி மாடல் ஸ்லாட்டில் வரும் பெயரில்லாத பேட்டரிகள் ஒழுங்காகப் பொருந்தும். பொருந்துவதாலேயே பாதுகாப்பு சர்க்கியூட்டும் அப்படியே இருக்கும் என்று எண்ணக்கூடாது.

காலியான பேட்டரியை மாதக்கணக்கில் பெட்டியில் போட்டுவைத்தால் செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய், சார்ஜர் ஏற்காமல் சிவப்பு விளக்கைச் சிமிட்டும். அதை வேறு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து எழுப்பும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அடி வரை இறங்கிய செல்லுக்குள் செம்புத் தகடு கரைந்திருக்கும். மறுபடி சார்ஜ் ஏறும்போது அந்தச் செம்பு உள்ளேயே ஷார்ட் ஆக்கித் தீப்பிடிக்கலாம். வேலையில்லாத நாட்களில் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். கிரைண்டரிலிருந்து சூடாகக் கழற்றியதை உடனே சார்ஜில் போடாமல் ஆற விடுங்கள்; 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது செல்லின் ஆயுளைத் தின்னும். சித்திரை வெயிலில் பூட்டிய வண்டிக்குள் பேட்டரி கிடக்கக்கூடாது.

செல் மாற்றித் தருகிறவர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள். அனைத்தும் புதிய, ஒரே வகை செல்லா? லேப்டாப் செல் இல்லாமல், 20 ஆம்பியர் தாங்கும் செல்லா? செல்களை இணைக்கும் உலோகப் பட்டையை ஸ்பாட் வெல்டிங்கில் வைக்கிறார்களா? ஈயம் வைத்துச் சூடாக்கினால் செல்லின் உட்புறம் கெட்டுவிடும். பட்டை சுத்த நிக்கலா, நிக்கல் பூசிய இரும்பா என்பதை அறிய, ஒரு துண்டைச் சுரண்டி இரண்டு நாள் உப்புத் தண்ணீரில் போடுங்கள். இரும்பாக இருந்தால் துருப்பிடிக்கும். இரும்புப் பட்டை அதிக கரண்டில் சூடேறும்.

தமிழ்நாடு, கேரள எல்லைக்கு எந்தப் பக்கம் வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள், வாரண்டி அதில்தான் நிற்கிறது. பேட்டரியின் மேல் ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர எண்ணும் ஆர் என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பதிவெண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் அது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்துவிடும்.

இனி இத்தகைய ஒப்பீடுகளை வெளியிடும்போது வோல்ட் இருக்கும் கட்டத்தில் வாட் ஹவர், செல் எண்ணிக்கை, பேட்டரியின் எடை மூன்றையும் போடும்படி கேட்டுக்கொள்கிறோம். கூடவே, செத்த பேட்டரியை எங்கே கொடுப்பது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி அதை மற்றக் குப்பையோடு போடக்கூடாது. திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. கொடுக்கும் முன் இரண்டு தகடுகளின் மேலும் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட வேண்டும்.

இப்படிக்கு,
மரவேலை, ஒயரிங் தொழிலாளர்கள் சிலர்,
களியக்காவிளை.