ஃபிராக்சிஸ் குழுவினருக்கு: யாரை அனுப்புவது என்று மிஷன் கேட்கட்டும்

ஃபிராக்சிஸ் ஸ்டுடியோவின் வடிவமைப்பாளர்களுக்கு,

வணக்கம். வீரர்களை அனுப்பி ஏலியன்களோடு முறைவைத்துப் போரிடும் எக்ஸ்காம் வீடியோ கேம் தொடரில் நீங்கள் கடைசியாகத் தந்தது 2020இல் வந்த கிமேரா ஸ்குவாட். 2012இல் இந்தத் தொடருக்கு மறுபடி உயிர் கொடுத்த ஜேக் சாலமனும் 2023இல் விலகிவிட்டார். அடுத்தது எப்போது வந்தாலும் சரி, காத்திருப்போம். வரும்போது ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருங்கள்: மிஷன் மாறினால், அதற்குப் போகிற ஆட்களும் மாற வேண்டும்.

2012இன் எனிமி அன்நோனை எடுத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் மூன்று நாடுகளில் ஏலியன்கள் மக்களைக் கடத்துவார்கள். ஒன்றுக்குத்தான் போக முடியும், மற்ற நாடுகளில் பீதி ஏறும். பரிசாக விஞ்ஞானிகள் வேண்டுமா, பொறியாளர்கள் வேண்டுமா, பணம் வேண்டுமா என்று மண்டையை உடைத்துக்கொள்வோம். ஆனால் தரையிறங்கியபின் மூன்று இடத்திலும் வேலை ஒன்றுதான், இருக்கிற எதிரிகளை எல்லாம் கொல்வது. அதனால் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் திரைக்கு வந்ததும் யோசிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. ரேங்க் கூடியவர்களில் காயம்படாதவர்கள் யாரோ, அவர்கள் விமானம் ஏறுவார்கள். உலக வரைபடத்தில் அவ்வளவு கனமாக இருந்த முடிவு, அந்தத் திரையில் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

அதே ஆட்டத்தில் இன்னொரு வகையும் இருந்தது: நமக்குப் பணம் தரும் நாடுகளின் கவுன்சில் தரும் வெடிகுண்டு மிஷன். குண்டை நோக்கி ஓட வேண்டும். வழியில் இருக்கும் மின்முனைகளை ஒவ்வொன்றாக அணைத்தால் கொஞ்சம் நேரம் கூடும். இதற்கு, ஓடிய கையோடு சுடவிடும் ரன் அண்ட் கன் திறன் உள்ள அசால்ட் வீரர், கூடுதல் தூரம் ஓடவிடும் ஸ்பிரின்டர் திறன் எடுத்த சப்போர்ட் வீரர் எல்லாம் தங்கம். மிஷனின் பெயரைப் பார்த்ததுமே யாரைக் கூப்பிட வேண்டும் என்று கை தானாகப் போகும். நான் கேட்பது இதைத்தான்.

இப்போது டைமர் விவகாரம். 2016இல் வந்த எக்ஸ்காம் 2, இத்தனை டர்னுக்குள் (நம் முறைக்குள்) முடி என்று பல மிஷன்களில் கெடு வைத்தது; அதைப் பற்றி நிறையச் சண்டை நடந்தது. டைமரை நீட்டும் மோட்களும் (ரசிகர்களே ஆட்டத்தில் செய்யும் மாற்றங்கள்) தூக்கியெறியும் மோட்களும் உடனே வந்துவிட்டன. நான் டைமரின் பக்கம்தான். முந்தைய ஆட்டத்தில் ஒரு கட்டம் நகர்ந்து ஓவர்வாட்ச் (எதிரி அசைந்தால் சுடக் காத்திருப்பது), மறுபடி ஒரு கட்டம் நகர்ந்து ஓவர்வாட்ச் என்று ஊர்ந்தே முழு ஆட்டத்தையும் முடித்துவிடலாம். அந்தச் சலிப்பை நீங்கள் உடைத்தது சரியான வேலை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எட்டு டர்னுக்குள் ஹேக் செய், அதற்குள் பொருளைக் கைப்பற்று என்று கெரில்லா மிஷன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி விரட்டின. ஷார்ப்ஷூட்டரின், அதாவது ஸ்னைப்பரின், ரைஃபிள் சுட ஒரு டர்னில் கிடைக்கும் இரண்டு ஆக்‌ஷனும் வேண்டும்; நகர்ந்தால் சுட முடியாது, சுட்டால் பின்தங்கிவிடுவார். பிஸ்டல் திறன்களோ கயிற்றை வீசி ஏறும் ஸ்பைடர் சூட்டோ இல்லாமல் அவரை அழைத்துப்போவது வீண். ஒரு மிஷன் ஸ்னைப்பரை ஒதுக்கினால் அது நல்ல வடிவமைப்பு. அடுத்தடுத்து வருகிற எல்லா மிஷனும் அவரையே ஒதுக்கினால், மறுபடியும் பழைய கதைதான்: எங்கே போனாலும் அதே ஆறு பேர்.

எதிரியின் சரக்கைப் பறிக்கும், டைமர் இல்லாத சப்ளை ரெய்டில் பாருங்கள், அதே ஷார்ப்ஷூட்டர் கூரைமேல் உட்கார்ந்து, மற்ற வீரர்கள் பார்க்கும் எதிரியைத் தூரத்திலிருந்தே சுடும் ஸ்குவாட்சைட் திறனில் பாதி எதிரிகளை முடித்துவிடுவார். மக்களைக் காப்பாற்றும் பதிலடி மிஷனில் பொதுஜனம் போல ஒளிந்திருக்கும் ஃபேஸ்லெஸ் என்ற ஏலியனை ஸ்பெஷலிஸ்ட் வீரரின் ஸ்கேனிங் புரோட்டோகால் திறன் காட்டிக்கொடுக்கும். இப்படிப்பட்ட பொருத்தங்கள் உங்கள் ஆட்டத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அவை கூடுதலாகவும் கலந்தும் வர வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் செய்ததிலேயே சிறந்தது எக்ஸ்காம் 2இன் 2017 விரிவாக்கமான வார் ஆஃப் த சோசனில் வந்த களைப்பு முறை என்பேன். மன உறுதி குறைந்து களைத்த வீரரை மறுபடி அனுப்பலாம், ஆனால் அவர் பீதியடையலாம், கெட்ட பழக்கங்களைப் பிடித்துக்கொள்ளலாம். அதனால் இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை என்று ஆட்களை வளர்த்தே ஆக வேண்டியிருந்தது. ஒருவகை சிட்ரெப் (மிஷனோடு வரும் சிறப்பு நிபந்தனை) ரேங்க் குறைந்தவர்களை மட்டுமே உள்ளே விட்டது. பெயர்கூட நினைவில் இல்லாத ஒரு வீராங்கனை அப்படி ஒரு மிஷனில் எல்லாரையும் காப்பாற்றிவிட்டு வரும்போதுதான் அது நம்முடைய படை என்று தோன்றும்.

அதே வருடம் எக்ஸ்காம் 2க்கு ஒரு மோட் குழு செய்த லாங் வார் 2 இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே எத்தனை பேரை அனுப்புவது என்பதே கேள்வி. ஆட்கள் குறைந்தால் மிஷனுக்கு முந்தைய ஊடுருவல் சீக்கிரம் முடியும். கூடினால் நேரம் இழுக்கும், அவசரப்பட்டு இறங்கினால் எதிரிகள் விழிப்போடு நிற்பார்கள். ஒரு குழு ஓரிடத்தில் ஊடுருவிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு குழுவை வேறிடத்துக்கு அனுப்பலாம். இதை அப்படியே எடுக்க வேண்டாம், அது எல்லாருக்கும் ஏற்ற வேகம் இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு குழு என்ற யோசனையை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிரி யார் என்று தெரியாமல் ஆளைத் தேர்ந்தெடுப்பது குருட்டு யோகம். எதிரில் எத்தனை பேர், என்ன வகை என்று எக்ஸ்காம் 2இல் நம் தளத்தில் கட்டும் ஷேடோ சேம்பர் அறை காட்டும். ஆனால் அதைக் கட்டுவதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. முதல் மாதத்திலிருந்தே, ஆட்டத்தில் சேரும் உளவுத் தகவலான இன்டெல்லைச் செலவழித்தால் ஒரு துப்பாவது கிடைக்கட்டும். எனிமி அன்நோனின் விரிவாக்கமான எனிமி விதினில் எக்ஸால்ட் என்ற எதிரி மனிதப் படைக்கு எதிராக ஒரே ஒருவரை, கவசம் இல்லாமல், பிஸ்டலோடு முன்கூட்டி அனுப்பிவிட்டு, பிறகு குழு போய் அவரை மீட்டு வருமே, அந்த வகையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். யாரைத் தனியாக அனுப்புவது என்ற முடிவுக்கு ஈடான பதற்றம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

சாவையும் எடுத்துவிடாதீர்கள். கிமேரா ஸ்குவாடில் ஒருவர் இறந்தால் மிஷனே தோல்வி, திரும்ப ஆட வேண்டியதுதான். எழுதிவைத்த பாத்திரங்களைச் சொல்லும் கதைக்கு அது பொருந்தியது. நாமே பெயர் வைத்து வளர்க்கும் படைக்குப் பொருந்தாது.

அப்புறம், புதுமுக ரூக்கிகளுக்கென்றே ஒரு மிஷன் வகை வேண்டும். கடைசி மாதம் வரை அது வந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்கு உச்ச ரேங்க் கர்னல்களை அனுப்ப முடியாதபடி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
2012இலிருந்து உங்கள் ஆட்டங்களை ஆடிவரும் ஒரு கமாண்டர்