போரில் காயமுற்ற முன்னாள் படைவீரர்களின் உடல்நல, மனநலச் சிகிச்சையை ஒரே கோப்பில், ஒரே குழுவின் பொறுப்பில் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
போரில் காயமுற்ற முன்னாள் சிப்பாய் ஒருவரும், உடன் கையொப்பமிட்டுள்ள தோழர்களும், அவர்தம் குடும்பத்தினரும்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
முன்னாள் படைவீரர் நலத்துறை.

பொருள்: உடற்காயத்தோடும் மனவடுவோடும் வாழும் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவச் சேவையை ஒருங்கிணைத்தல் மற்றும் சிகிச்சை பெறுவதற்கான தடைகளை நீக்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்து, ஒரு காதின் கேட்கும் திறனும் போய், படையிலிருந்து விடுவிக்கப்பட்டவன் நான். என்னோடு கையொப்பமிட்டிருப்பவர்களில் சிலரின் காயம் பார்த்தவுடன் தெரியும். வேறு சிலருக்கு உடலில் கீறல்கூட இல்லை. ஆனால் பல ஆண்டுகளாக இரவில் உறக்கமும் இல்லை. ஓய்வூதியத்தை உயர்த்தக் கேட்டு இம்மனுவை நாங்கள் எழுதவில்லை; அது தனியே பேச வேண்டிய பொருள். எங்களுக்கென்று ஏற்கெனவே இருக்கிற சிகிச்சை துண்டு துண்டாகக் கிடப்பதால் பாதிக்குமேல் வீணாகிறது என்பதையும், அதை ஒன்றுசேர்க்கத் தங்கள் துறையால் இயலும் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவதே எங்கள் நோக்கம்.

எனக்கு நேர்வதையே சொல்கிறேன். செயற்கைக் காலுக்கு ஒரு பிரிவு, காதுக்கு ஒரு பிரிவு, வலிக்கு ஒரு பிரிவு, மனநலத்துக்கு வேறொரு கட்டடம். ஒவ்வொன்றிலும் தனிச் சீட்டு, தனிக் கோப்பு. ஒன்றில் எழுதியது மற்றொன்றுக்குத் தெரியாது. மருத்துவர்களும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே போகிற இடமெல்லாம் ‘என்ன நடந்தது?’ என்பதுதான் முதல் கேள்வி. எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று சொல்வதுபோல இதைச் சொல்லிவிட முடிவதில்லை. வாயைத் திறந்ததும் அந்த இடத்தின் புகை நாற்றம் மூக்கில் ஏறுகிறது. பக்கத்தில் நடந்துவந்தவனின் முகம் வருகிறது. அன்றைய இரவு போய்விடுகிறது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் துணையோடு, பாதுகாப்பான சூழலில், நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வது மனக்காயத்தை ஆற்றும் என்பதை நாங்கள் அறிவோம். அதையே முறையாகச் செய்யும் சிகிச்சைகள் உண்டு. ஆனால் பின்னால் வரிசை நிற்க, கதவு திறந்திருக்க, ஒரு படிவத்தின் கட்டங்களை நிரப்புவதற்காக ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிப்பது சிகிச்சை அன்று. அது புண்ணின் பொருக்கை ஒவ்வொரு முறையும் பெயர்த்தெடுப்பது. இதற்கு அஞ்சியே எங்களில் பலர் மருத்துவமனைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார்கள். ‘நோயாளி வரவில்லை’ என்று கோப்பில் எழுதப்படுகிறது. ஏன் வரவில்லை என்று எழுத அதில் இடமில்லை.

காத்திருக்கும் கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே ஒலிபெருக்கியில்தான் பெயர் கூப்பிடுகிறார்கள். குண்டுச் சத்தத்தில் செவி கெட்டவருக்கு அது கேட்பதில்லை. அவருடைய முறை கடந்துபோகிறது. கேட்கிறவரோ அந்தத் திடீர் இரைச்சலில் துள்ளி எழுந்து, உடல் முழுக்க வியர்த்து, முறை வருமுன்னே வெளியேறிவிடுகிறார். எண்களைக் காட்டும் ஒரு திரை போதும். இருக்கைகளைச் சுவரோரமாக, வாசலைப் பார்த்தபடி போட்டால், முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்ற பதைப்பில்லாமல் எங்களவர்கள் உட்காருவார்கள். பெரிய செலவில்லாத இவ்விரண்டையும் இதுவரை யாரும் செய்யாததற்குக் காரணம் அலட்சியம் என்று நாங்கள் கருதவில்லை. எங்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

உடற்காயத்தையும் மனக்காயத்தையும் இருவேறு வாசல்களில் வைத்துப் பார்க்க முடியாது என்பதே நாங்கள் வலியுறுத்துவது. வெடிப்பின் அழுத்த அலை, தலையில் வெளிக்காயம் எதுவுமின்றியே மூளையைப் பாதிக்கக்கூடும். லேசான மூளைக்காயம் சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரிவதுமில்லை. அதனால் வரும் மறதி, எரிச்சல், உறக்கமின்மை, கவனச் சிதறல் ஆகியவை பி.டி.எஸ்.டி. எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பிலும் வருபவையே. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று நரம்பியல் பிரிவு மனநலப் பிரிவுக்கு அனுப்புகிறது. தலையில் அடிபட்டிருக்கிறதே என்று மனநலப் பிரிவு திரும்ப நரம்பியலுக்கு அனுப்புகிறது. இரண்டும் ஒரே ஆளிடம் ஒருசேர இருக்கலாம் என்று முடிவு செய்வதற்கு அந்த இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அப்படி உட்காரும் நாள் என்று ஒன்று இன்றுவரை இல்லை.

வலியும் இப்படித்தான். இல்லாத காலின் விரல்கள் முறுக்கிக்கொள்வதுபோல நடுநிசியில் எழும் வலி கற்பனை அன்று. நரம்பு மண்டலத்தின் இயக்கத்தில் அதற்குக் காரணம் உண்டு. இருக்கும் உறுப்பின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டி, இழந்த உறுப்பு அசைவதாக மூளையை உணரச் செய்யும் எளிய முறையை 1990களில் நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் அறிமுகப்படுத்தினார். எல்லோருக்கும் அது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஓரளவு பலித்தது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எந்தப் பிரிவின் மருத்துவரும் அல்லர், என்னைப் போலவே காலிழந்த ஒரு தோழர். வலி எழுப்பிவிட்டதால் கொடுங்கனவு நினைவுக்கு வருகிறதா, கொடுங்கனவு எழுப்பிவிட்டதால் வலி தெரிகிறதா என்று எங்களுக்கே சொல்லத் தெரியாதபோது, இரண்டுக்கும் தனித்தனியே மாத்திரை எழுதி அனுப்புவதால் என்ன பயன்?

மாத்திரை பற்றி ஒன்று கூற வேண்டும். மனவடுவுக்கு மருந்துகள் பயன்படுவதுண்டு. செர்ட்ரலின், பராக்ஸிடின் போன்றவற்றை எங்களில் சிலர் எடுத்து நலம் கண்டிருக்கிறார்கள். ஆனால் உறக்கத்துக்கென்று பென்சோடயசெபின் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் எழுதிக்கொடுப்பதை, அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பி.டி.எஸ்.டி.க்குப் பரிந்துரைக்கவில்லை என்பது மட்டுமல்ல, அதற்கு எதிராகவே அறிவுறுத்துகின்றன. அவை முதலிடம் தருவது, அதிர்ச்சி நினைவுகளை நேரடியாகக் கையாளும் பேச்சு சிகிச்சைகளுக்கு. இவை பொதுவாக வாரம் ஒரு முறையென 8 முதல் 15 அமர்வுகள் வரை தொடர்ந்து நடக்க வேண்டியவை. முதல் அமர்வுக்கும் இரண்டாவதற்கும் இடையே மூன்று மாதம் போனால், திறந்த காயத்தைத் தைக்காமல் வீட்டுக்கு அனுப்பியதற்கு அது சமம். போதிய சிகிச்சையாளர்கள் இல்லை என்பதை உணர்கிறோம். இருப்பவர்களைக் கொண்டு குறைவான பேருக்கேனும் முழுமையாகச் செய்து முடித்து, ஏனையோருக்குக் காணொலி வழியாகவும் அமர்வுகளை நடத்தி, அதே வேளையில் புதியவர்களுக்குப் பயிற்சி அளிப்பதே உகந்தது.

அடுத்து, நிரூபிக்கும் சுமை. படையிலிருந்து விடுவிக்கப்பட்ட நாளன்று ஆவணத்தில் ஏறாத பாதிப்பை எங்களால் பின்னர் எளிதில் கொண்டுவர முடிவதில்லை. பி.டி.எஸ்.டி.யின் முழு அறிகுறிகளும் நிகழ்வுக்கு ஆறு மாதமோ அதற்கும் மேலோ கழித்துத் தெளிவாகத் தோன்றலாம் என்பதை மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடே தனி வகையாகக் குறிப்பிடுகிறது. தவிரவும், விடுவிக்கப்படும் நேரத்தில் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டு வீடு போய்ச் சேரத்தான் எந்தச் சிப்பாயும் விரும்புவான். நானும் அப்படித்தான் சொன்னேன். இந்த மனக்காயத்தை உலகம் நம்புவதற்கே நெடுங்காலம் ஆயிற்று. 1915ஆம் ஆண்டில் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ‘ஷெல் ஷாக்’ (குண்டுவீச்சு அதிர்ச்சி) என்ற பெயரில் அதை எழுதினார். அதே முதல் உலகப் போரில் படையைவிட்டு ஓடியதாகவும் கோழைத்தனம் காட்டியதாகவும் இன்னபிற குற்றங்களுக்காகவும் சுட்டுக்கொல்லப்பட்ட 306 வீரர்களுக்கு, பிரிட்டன் 2006ஆம் ஆண்டில்தான் சட்டத்தின் வழியே மன்னிப்பளித்தது. பி.டி.எஸ்.டி. என்ற பெயரே அமெரிக்க மனநலக் கையேட்டில் 1980ஆம் ஆண்டில்தான் இடம்பெற்றது. இவ்வளவு தாமதமாக ஏற்கப்பட்ட ஒன்றுக்குக் கெடு நாள் வைப்பது பொருந்துமா என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். இழப்பீட்டுக்கு மருத்துவ வாரியம் சான்று கேட்கட்டும். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. சிகிச்சைக்கு மட்டும் அந்தச் சான்று வரும்வரை காத்திருக்கச் சொல்ல வேண்டாம்.

செயற்கைக் காலின் செய்தி எளிது. உறுப்பை நீக்கிய முதல் ஓராண்டில் எஞ்சிய பகுதி சுருங்கி வடிவம் மாறுவதால், அதைத் தாங்கும் சாக்கெட்டை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். பொருந்தாத சாக்கெட் தோலைப் புண்ணாக்கும். புண் வந்தால் காலைக் கழற்றிவைத்துவிட்டு வீட்டுக்குள் முடங்க நேரும். முடங்கியவனுக்கு மனம் எங்கே போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கு இத்தனை என்று எண்ணிக்கை வைக்காமல், தேவைக்கேற்பச் சாக்கெட்டை மாற்றித்தர அனுமதி வேண்டும். பெண் படைவீரர்களுக்கு அவர்தம் உடலளவுக்கு ஏற்ற பாகங்களும், அவர்கள் கேட்டால் பெண் சிகிச்சையாளரும் கிடைக்க வேண்டும்.

‘குடியை விட்டுவிட்டு வா, பிறகு பார்க்கலாம்’ என்று மனநலப் பிரிவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்களில் உண்டு. உறங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கியவனிடம் உறக்கம் வருவதற்கு முன்னே குடியை விடச் சொல்வது நடக்கிற காரியமில்லை; இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை தர முடியும், தரவும் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு சேர்க்கப்பட்ட ஒருவர் வீடு திரும்பியபின் வரும் முதல் சில வாரங்களே மிகுந்த ஆபத்தானவை. ஆகவே ஏழு நாட்களுக்குள் அவரைத் தொடர்புகொண்டு பேசும் பொறுப்பை, பெயர் குறிப்பிட்டு ஓர் ஊழியரிடம் ஒப்படைக்க வேண்டும். எங்கள் மனைவியர் இதை இந்த மனுவில் கட்டாயம் எழுதச் சொன்னார்கள். இரவில் கண்விழித்துக் காவலிருப்பவர்கள் அவர்களே. அவர்களுக்கென்று ஒரு தொலைபேசி எண்ணோ, பேசிக்கொள்ள ஓர் ஆளோ இல்லை.

மருத்துவமனை வாசலை மிதிக்கத் தயங்குகிறவர்களுக்கு வேறு வழியும் உண்டு. அமெரிக்காவில், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் அரசு மருத்துவமனைகளை நாடத் தயங்கியதைக் கண்டு, 1979ஆம் ஆண்டில் மருத்துவமனைகளுக்கு வெளியே, மக்கள் வாழும் பகுதிகளில், ‘வெட் சென்டர்’ எனப்படும் ஆலோசனை மையங்களைத் தொடங்கினார்கள். அங்கே ஆலோசகர்களாகப் பணியாற்றுபவர்களில் பலர் தாமே போரைக் கண்டவர்கள். குடும்பத்தினரும் அங்கே வரலாம். எனக்குக் கண்ணாடி முறையைக் கற்றுத்தந்த தோழரைப் போன்றோரைப் பயிற்றுவித்து, ஊதியம் தந்து, மருத்துவக் குழுவில் ஒருவராக அமர்த்தினால் எங்களவர்கள் வாய் திறந்து பேசுவார்கள்.

மேற்கண்டவற்றைக் கருத்தில்கொண்டு, முதற்கட்டமாகத் தங்கள் துறையின் கீழுள்ள ஏதேனும் ஒரு மருத்துவமனையில், எலும்பியல், நரம்பியல், வலி நிவாரணம், மனநலம், செயற்கை உறுப்பு ஆகிய பிரிவுகளைச் சேர்ந்தவர்களும் ஒரு முன்னாள் படைவீரரும் அடங்கிய குழு, வாரத்தில் ஒரு நாள் ஒரே இடத்தில் கூடி, ஒரே கோப்பை வைத்து எங்களைப் பார்க்குமாறு ஆணையிட வேண்டுகிறோம். நடந்தது என்ன என்பது அந்தக் கோப்பில் ஒருமுறை, எங்கள் ஒப்புதலோடு, தக்கவரால் எழுதப்படட்டும்; அடுத்து வரும் மருத்துவர் அதைப் படித்துவிட்டு எங்களைக் கூப்பிடட்டும். படைத் தலைமைக்கோ, வேலை தருவோருக்கோ அந்தக் கோப்பு எங்கள் அனுமதியின்றிப் போகாது என்பதையும் ஆணையிலேயே எழுதித்தர வேண்டும். இல்லையேல் இன்னும் பணியிலிருக்கும் இளையவர்கள் யாரும் வர மாட்டார்கள்.

இது குறித்துத் தங்களை நேரில் சந்தித்து விளக்க ஐந்து பேர் அணியமாக உள்ளோம். எங்களில் இருவர் சக்கர நாற்காலியில் வருவோர் என்பதால், தரைத்தளத்தில் உள்ள அறையொன்றில் சந்திப்பை ஏற்பாடு செய்யவும், நாளையும் நேரத்தையும் எழுத்து மூலம் தெரிவிக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
போரில் காயமுற்ற முன்னாள் படைவீரர்களும் குடும்பத்தினரும்.

இணைப்பு: கையொப்பமிட்டோர் பட்டியல்.