என் பெயரில் சான்றிதழ், எனக்கு எட்டாத பாடம்: பயிற்சித் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களின் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கும், பயிற்சிப் பிரிவு அலுவலர்களுக்கும், அவர்களுக்காக இணையவழிப் பாடங்களைத் தயாரித்துத் தருவோருக்கும்,

வணக்கம்.

நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். தமிழ்நாட்டில் ஒரு நிதி நிறுவனத்தில் 14 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கடிதம் எழுதுவது, கணக்குகளைச் சரிபார்ப்பது, வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வது என்று அன்றாட வேலை முழுவதையும், திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருளின் துணையோடு, யாரையும் எதிர்பார்க்காமல் செய்துவருகிறேன். ஆண்டுதோறும் கட்டாயமாக முடிக்க வேண்டிய இணையவழிப் பயிற்சி வரும் நாள்களில் மட்டும் என்னால் அப்படி இருக்க முடிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் தகவல் பாதுகாப்பு குறித்த பயிற்சி ஒன்று வந்தது. திறந்தவுடன் என் மென்பொருள் “பட்டன், பட்டன், பட்டன்” என்றது. அடுத்த பக்கத்துக்குப் போகும் பட்டன் எது, பாடத்தை மூடும் பட்டன் எது என்று தயாரித்தவர்கள் எதற்கும் பெயரிட்டிருக்கவில்லை. பாடத்தின் ஒலிப்பதிவு தானாகவே ஓடத் தொடங்கியது. அதை விசைப்பலகையால் நிறுத்த வழியில்லாததால், பாடத்தின் குரலும் என் மென்பொருளின் குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரண்டுமே விளங்காமல் போயின. இறுதித் தேர்வில் சொற்களை மவுஸால் இழுத்துக் கட்டங்களுக்குள் போடச் சொல்லியிருந்தார்கள். பயிற்சிப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினேன். “பக்கத்துல யாரையாவது உட்கார வெச்சு முடிச்சிடுங்க சார், இன்னைக்குத்தான் கடைசி நாள்” என்று கனிவாகவே சொன்னார்கள். அருகிலிருந்த நண்பர் என் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதுதான் அந்தப் பாடத்தின் முதல் பகுதி என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் சான்றிதழ் என் பெயரில் வந்தது. நிறுவனத்தின் பதிவேட்டில் நான் அந்தப் பாடத்தைக் கற்றுத் தேறியவன். உண்மையில் நான் அதில் ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை. உதவிய நண்பர் மீதோ, தொலைபேசியில் பேசியவர் மீதோ எனக்குக் குறையில்லை. ஆனால் “பக்கத்தில் ஒருவர்” என்ற இந்த ஏற்பாடு, பாடம் எங்களுக்கு எட்டவில்லை என்ற செய்தி உங்களை வந்தடையாமலேயே செய்துவிடுகிறது. பயிற்சியை முடித்தவர்கள் நூறு விழுக்காடு என்று உங்கள் ஆண்டறிக்கை காட்டும்போது, அந்த நூறுக்குள் எங்களைப் போன்றவர்கள் படிக்காத பாடங்களும் அடங்கியிருக்கின்றன. இதை உங்களுக்குச் சொல்லவே இந்த மடலை எழுதத் தொடங்கினேன்.

சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் தனியார் நிறுவனங்களின் கொள்கையில், பணியில் சேர்ந்த பிறகு தரும் பயிற்சியும் பதவி உயர்வுக்கு முந்தைய பயிற்சியும் குறித்த ஏற்பாடுகள் இடம்பெற வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் வெளிப்படையாகவே கூறுகின்றன. பெரும்பாலான கொள்கைகளில் அந்த வரி இருக்கவும் இருக்கிறது. சாய்தளமும் மின்தூக்கியும் கண்ணுக்குத் தெரிவதால் யாராவது வந்து சரிபார்க்கிறார்கள். பாடத்துக்குள் இருக்கும் படிக்கட்டுகளைச் சரிபார்க்க யாரும் வருவதில்லை. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் பரிந்துரைகளாக மட்டும் இருப்பது போதாது, கட்டாயமான குறைந்தபட்சத் தரங்கள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று வழங்கிய மற்றொரு தீர்ப்பில், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றும் கூறியது.

“எங்கள் நிறுவனத்தில் அப்படிப்பட்ட ஊழியர் யாரும் இல்லையே” என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் அதை விண்ணப்பத்தில் எழுதுவதில்லை. ஐம்பதைக் கடந்த மேலாளர் எழுத்து மங்கலாகத் தெரிவதை வெளியே சொல்வதில்லை. இவர்களை ஒருபுறம் வைத்தாலும், நாளை விபத்திலோ நோயிலோ பார்வையையோ கையின் இயக்கத்தையோ இழக்கும் ஊழியர் ஒருவர் இன்று உங்களோடுதான் பணிபுரிகிறார். பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாக ஆனவரை அரசு நிறுவனங்கள் வேலையிலிருந்து நீக்கவோ பதவியிறக்கம் செய்யவோ கூடாது என்று அதே சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்கிறது. அவரால் பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். வேறு பணி என்றால் புதிதாகக் கற்க வேண்டும். அந்தப் பாடமே அவருக்கு எட்டாத வடிவத்தில் இருந்தால், சட்டம் காப்பாற்றிக் கொடுத்த வேலையில் அவர் நாற்காலியில் அமர்ந்திருக்க மட்டுமே முடியும்.

தமிழில் தயாராகும் பாடங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதை ஆங்கில வழிகாட்டிகள் எதிலும் நான் கண்டதில்லை. இன்றும் பல பயிற்சிக் கையேடுகள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகின்றன. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகளின் வரிசை. பாமினியில் அடித்த “தமிழ்” என்ற சொல்லை என் மென்பொருள் “ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி” என்றுதான் வாசிக்கும். நாற்பது பக்கக் கையேடு முழுவதும் இப்படியே ஒலித்தால் எவரால் கேட்க முடியும்? கணினி தமிழைத் தமிழாகவே அறிந்துகொள்ளும் குறியீட்டு முறையான ஒருங்குறியை (யூனிகோடு) தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆயினும் அச்சகத்துக்குப் போன கோப்பையே பயிற்சித் தளத்திலும் ஏற்றும் வழக்கம் மாறவில்லை. அதனினும் மோசம், அச்சான தாளை ஸ்கேன் செய்து படமாக ஏற்றுவது. அதில் எங்களுக்குக் கேட்பது மௌனம் மட்டுமே. கையேட்டை முதலிலேயே ஒருங்குறியில் தட்டச்சு செய்து, தலைப்புகளைத் தலைப்பு வடிவிலேயே குறித்து, அந்த மூலக் கோப்பையும் சேர்த்து ஏற்றினால் போதும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. தமிழை வாசிக்கும் குரல், திரையை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருளான என்விடிஏ-யிலேயே இருக்கிறது. அந்த மென்பொருளை 2006-இல் எழுதத் தொடங்கியவரும் பார்வையற்ற ஓர் ஆஸ்திரேலிய இளைஞர்தான்.

என் தோழி ஒருவருக்குச் செவித்திறன் இல்லை. அவர் பணிபுரியும் தொழிற்கூடத்தில் பாதுகாப்புப் பயிற்சி முழுவதும் காணொளிதான். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் பயிற்றுநரின் பேச்சுக்குத் தானியங்கி எழுத்து வரிகளை மட்டுமே திரையில் ஓடவிட்டிருந்தார்கள். “தொடக் கூடாது” என்ற எச்சரிக்கையில் “கூடாது” விழாமல் போயிருந்தது. வேறு எந்தப் பாடத்தில் பிழை இருந்தாலும் மதிப்பெண்தான் குறையும்; இங்கே கை போய்விடும். தானியங்கி வரிகளை முதல் வரைவாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் தமிழும் அந்தத் தொழிலும் தெரிந்த ஒருவர் அவற்றைச் சொல்லுக்குச் சொல் திருத்தாமல் வெளியிடக் கூடாது. சைகை மொழியையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி என்பதால், உயிரைக் காக்கும் பாடங்களிலாவது சைகை மொழிபெயர்ப்பாளர் திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும். இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தின் அகராதியில் தொழில்நுட்பச் சொற்கள் உட்பட 10,000 சொற்கள் சேர்ந்திருக்கும் இந்நாளில், சொற்கள் இல்லை என்ற பதில் பொருந்தாது.

பாடத்தை வாங்கும் நாளில் எடுக்க வேண்டிய ஒரு முடிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் பிறக்கின்றன. நீங்கள் பாடங்களை வெளியாரிடம் தயாரிக்கக் கொடுக்கிறீர்கள். ஒப்பந்தப்புள்ளியில் ஒலித்தரம், படத்தரம், நிறுவனச் சின்னத்தின் நிறம் வரை எழுதும் நீங்கள், மின்னணுப் பொருள்களும் சேவைகளும் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டுவதற்காக இந்திய தர நிர்ணய அமைவனம் வகுத்த ஐ.எஸ். 17802 என்ற தரத்தையும் எழுதுங்கள். அத்துடன், விசைப்பலகை ஒன்றை மட்டுமே பயன்படுத்திப் பாடத்தின் முதல் பக்கத்திலிருந்து சான்றிதழ் வரை சென்றுவர முடிவதை ஒப்படைக்கும் நாளில் நேரில் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்து, அதைக் காட்டிய பிறகே கடைசித் தவணைப் பணத்தை விடுவியுங்கள். நிறத்துக்கும் ஓர் அளவு உண்டு: சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கின்றன உலகம் ஏற்றுக்கொண்ட வலை அணுகல் வழிகாட்டு நெறிகள். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து அழகாகத் தோன்றலாம்; குறைபார்வை உடையவருக்கு அது வெற்றுத் தாள். முடிந்த பாடத்தைத் திருத்தச் சொன்னால், தயாரித்தவர் ஒலிப்பதிவையும் திரைகளையும் மீண்டும் பிரிக்க வேண்டியிருக்கும்; கூடுதல் கட்டணம் கேட்பார்; நீங்கள் தயங்குவீர்கள்; பாடம் அப்படியே ஐந்து ஆண்டு ஓடும். நான் பார்த்தவரை ஒவ்வொரு முறையும் நடந்தது இதுதான்.

தேர்வு நேரத்தைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். எழுத்துத் தேர்வுகளில் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களே சொல்லிவிட்டன. உங்கள் பயிற்சித் தளத்தின் கடிகாரமோ பத்து நிமிடம் முடிந்தவுடன் தானாகவே விடைத்தாளை மூடிவிடுகிறது. நான்கு விடைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, மீண்டும் கேள்விக்குத் திரும்பி, பிறகு தேர்ந்தெடுப்பவருக்கு அந்தப் பத்து நிமிடம் பத்து நிமிடமாக இருப்பதில்லை. ஊழியர் வாரியாக நேரத்தை நீட்டிக்கும் வசதி பெரும்பாலான பயிற்சித் தளங்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதை இயக்கி வைத்தால் போதும்.

சரிபார்ப்பதற்கு எங்களை அழையுங்கள். எந்தத் தானியங்கிச் சோதனையும் “பட்டன்” என்று மட்டும் கேட்கும்போது மனிதர் தடுமாறுவதை உங்களுக்குச் சொல்லாது. ஆனால் அதை அலுவலக நேரத்தில், வேலையாகக் கணக்கிட்டுச் செய்யச் சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் ஓர் உதவியாகக் கேட்காதீர்கள். அதற்கும் முன்னதாக, அடுத்து வெளியிடவிருக்கும் பாடத்தை நீங்களே ஒருமுறை திறந்து, மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப் விசையையும் என்டர் விசையையும் மட்டும் கொண்டு இறுதி வரை சென்று பாருங்கள். எந்தப் பக்கத்தில் நின்றுபோனீர்களோ, அந்தப் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு பாடத்தைத் தயாரித்தவரிடம் அன்றே பேசுங்கள்.

இப்படிக்கு,
பார்வை மாற்றுத்திறனாளி ஊழியர் ஒருவர்