பச்சையாக மின்னுவதெல்லாம் ஒரே குளவி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாசகர்கள் எடுத்த பூச்சிப் படங்களை நீங்கள் வெளியிடுவது மகிழ்ச்சி. ஆனால் மினுமினுக்கும் சின்னக் குளவி எது வந்தாலும் நிறத்தை வைத்தே இனப்பெயர் போட்டுவிடுகிறீர்கள். அது சரியல்ல. அந்த மினுக்கம் சாயத்தால் வருவதில்லை; மேலோட்டின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருகிறது. நேராகப் பார்த்தால் பச்சையாக இருக்கும் குளவி, சாய்த்துப் பார்த்தால் நீலமாகத் தெரியும்.

முதலில் அது குளவிதானா என்று பார்க்க வேண்டும். இரண்டே இறக்கை, குட்டையான உணர்கொம்பு என்றால் அது ஈ. குளவிதான் என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது இறக்கை நரம்பு. முன்னிறக்கையின் முன்விளிம்பை ஒட்டி ஒரே நரம்பு ஓடி, சிறு கிளையோடு முடிந்தால் அது சால்சிட் எனப்படும், பெரும்பாலும் ஒட்டுண்ணிகளான சிறு குளவிகளின் கூட்டம். இவற்றில் பெரும்பாலானவை 5 மி.மீ.க்கும் குறைவு. நரம்புகள் கூடுதலாக இருந்து, உடல் முழுக்கத் தையல் விரலுறைபோலக் குழிகள் இருந்து, வயிற்றின் மேற்புறம் மூன்று தகடுகள் மட்டும் தெரிந்தால், பெரும்பாலும் குயில் குளவி (குயில்போலப் பிறர் கூட்டில் முட்டையிடுவது). அதில் இனம் பிரிக்கக் கடைசித் தகட்டின் விளிம்பிலுள்ள பற்களைப் பார்ப்பார்கள். நம் படங்களில் மங்கிப்போவது சரியாக அந்த இடம்தான்!

சால்சிட்டில் சிக்கல் இன்னும் அதிகம். பின்தொடை பருத்துப் பற்களோடு இருக்கிறதா, பாதத்தில் எத்தனை கணுக்கள் என்பவையெல்லாம் முக்கியம். நான்கு கணு என்றால் யூலோபிடே குடும்பம் என நினைக்கலாம். மூன்று என்றால் டிரைக்கோகிராமட்டிடே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 மி.மீ. அகலக் கேமரா உணரியில், 6000 புள்ளி (பிக்சல்) அகலப் படத்தில், 3 மி.மீ. குளவியை அதன் நிஜ அளவிலேயே பதிவு செய்தால் முழு உடலுக்கும் 750 புள்ளிகள்தான். பாதக் கணு ஒன்றுக்கு 20 தேறினாலே பெரிது. லென்ஸின் துளையை எஃப்/11 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ. ஆகவே ஒரு படம் போதாது; மேலிருந்து, பக்கவாட்டில், முகத்துக்கு நேராக என மூன்று படங்களாவது வேண்டும். ஃபிளாஷை நேரடியாக அடித்தால் உலோகப் பரப்பு வெளுத்துக் குழிகள் மறையும். இடையே வெள்ளைத் தாள் பிடித்தால் போதும். கைபேசி தானாகச் செய்யும் கூர்மையாக்கமோ இல்லாத குழிகளையும் காட்டிவிடும். வெட்டாத மூலப்படத்தையே கேட்டு வாங்குங்கள்.

எந்தச் செடியில், எதன்மீது இருந்தது என்ற குறிப்பு சில வேளை படத்தைவிட உதவும். இலை முடிச்சிலிருந்து (பூச்சியால் இலையில் உண்டாகும் புடைப்பு) வந்தது என்றால், முடிச்சை உண்டாக்கிய பூச்சியா, அந்தப் பூச்சியைத் தின்று வளர்ந்ததா, அப்படித் தின்றதையே தின்று வளர்ந்ததா என்ற கேள்வி எழும். ஒரு குப்பிக்கு ஒரே முடிச்சு போட்டுப் பஞ்சால் அடைத்து வைத்தால்தான் எதிலிருந்து எது வந்தது என்று குழம்பாது.

இனிமேல் படத்தின் கீழே உடல் நீளமும் செடியின் பெயரும் அச்சிடுங்கள். குடும்பம் வரைதான் தெரிந்தால் குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்