இங்கயும் பிள்ளையார் இருக்காரும்மா

அம்மா,

நல்லா இருக்கியா, அப்பாவோட முட்டி வலி தேவலையா. போன்ல எதையும் முழுசா சொல்ல முடியல, நீ பாதியில அடுப்புல பால் இருக்குன்னு ஓடிடுற, அதான் டைப் பண்ணி அனுப்புறேன், அப்பாவ படிக்கச் சொல்லிக் கேளு.

கும்பிட ஒரு பிள்ளையார் கூட இல்லாத ஊருக்குப் போறியேடின்னு ஏர்போர்ட்ல அழுதல்ல, அது மனசுலயே இருந்துச்சும்மா. பிடிச்சு வச்சா பிள்ளையார்தானேன்னு மஞ்சள்ல பிடிச்சு கிச்சன் ஷெல்ஃப்ல வச்சுத்தான் இத்தனை மாசம் கும்பிட்டேன். ஆனா இந்த டோக்கியோவுலயே அவருக்குக் கோயில் இருக்கும்மா! நிஷி கசாய்ல ட்ரெய்ன் ஏறி, நிஹோம்பாஷியில மாறி அசாகுசா போயி, அங்கேர்ந்து பத்து நிமிஷ நடை. மட்சுச்சியாமா ஷோடென்னு பேரு. நம்ம மலைக்கோட்டை மாதிரி 400 படியெல்லாம் கிடையாது, சின்ன மேடுதான், ஆனா பக்கத்துல சுமிதா ஆறு ஓடுது, ஆத்துப் பக்கத்துல மேட்டு மேல பிள்ளையார்னதும் எனக்கு காவிரி ஞாபகம் வந்து கண்ணு கலங்கிடுச்சு.

புத்த மதத்தோட சேர்ந்து சீனா வழியா 1,200 வருஷத்துக்கு முன்னாடியே இங்க வந்துட்டாராம். ஷோடென், கங்கிடென்னு பல பேரு, அதுல ஒண்ணு பினாயகா, நம்ம விநாயகாதான் அது. மந்திரம் கூட ஓன்னு ஆரம்பிச்சு ஸோவாகான்னு முடியுது, ஓம், ஸ்வாஹாதான் இவங்க வாயில அப்படி ஆயிருக்கு.

ஒண்ணுதான் எனக்கு முதல்ல கஷ்டமா இருந்துச்சு, சிலையப் பார்க்க விட மாட்டாங்க. உச்சிப்பிள்ளையார் கோயில்ல தீபாராதனை வெளிச்சத்துல, விபீஷணன் குட்டின தழும்பு தெரியுதான்னு எட்டி எட்டிப் பார்த்து வளர்ந்தவ நான். இங்க கதவு சாத்தியே இருக்கு. உள்ள ரெண்டு யானைமுகம் கட்டிப்பிடிச்சு நிக்கிற உருவமாம், ஒண்ணு எல்லாருக்கும் இடைஞ்சல் பண்ணிட்டிருந்த முரட்டு விநாயகர், இன்னொண்ணு அவரை அன்பால அடக்க பொண்ணு உருவத்துல வந்த கன்னோன், அதான் இவங்க கருணை தெய்வம். அந்த உருவத்துக்கு குருமார் நல்லெண்ணெயில அபிஷேகம் பண்ணுவாங்களாம், அதக் கேட்டதும் நம்ம எண்ணெய்க் காப்பு வாசனையே அடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் முகம் தெரியலையேங்கிற குறையே போயிடுச்சும்மா. நீ மார்கழிக் கோலத்துல பூசணிப்பூ சொருகி வைக்கிற சாணிப் பிள்ளையாருக்கு மட்டும் முகம் இருக்கா என்ன, அவர்கிட்டதான நான் பரீட்சைக்கெல்லாம் வேண்டிக்கிட்டுப் போனேன். கதவு முன்னாடி நின்னு தலையில குட்டிக்கிட்டு மூணு தோப்புக்கரணம் போட்டேன், யாரும் ஒண்ணும் சொல்லல.

இங்க தேங்காய், அருகம்புல் கிடையாது, முள்ளங்கிதான் படையல்! கை நீளத்துக்கு வெள்ளை வெளேர்னு இருக்கு. கோயில் முழுக்க ரெண்டு முள்ளங்கி பின்னிக்கிட்டு இருக்குற மாதிரியும், சுருக்குப்பை மாதிரியும் செதுக்கி வச்சிருக்காங்க, முள்ளங்கி உடம்பு நல்லா இருக்கவும் குடும்பம் ஒத்துமையா இருக்கவும், சுருக்குப்பை வியாபாரத்துக்கும். கியோட்டோ பக்கம் அவருக்குன்னே ஒரு பலகாரம் இருக்காம், உள்ள பயறு பூரணம், மேல சுருக்கிக் கட்டின பை மாதிரி மடிச்சு நல்லெண்ணெயில பொரிக்கிறது, நீ சதுர்த்திக்குப் பண்ற மோதகமேதான்.

படைச்ச முள்ளங்கிய பிரசாதமா எடுத்துட்டுப் போகலாம், காசு வேண்டாம். ஒண்ணு எடுத்துட்டு வந்து ராத்திரியே சாம்பார் வச்சேன், ரூம்ல கூட இருக்குற ரெண்டு பொண்ணுங்களும் மிச்சம் வைக்காம சாப்பிட்டாங்க. வர்ற ஜனவரி 7 அங்க முள்ளங்கித் திருவிழா, வேக வச்சு மிசோங்கிற சோயா விழுது போட்டு வர்றவங்களுக்கெல்லாம் குடுப்பாங்களாம், லீவு சொல்லியாச்சு. அண்ணன் வரும்போது சாம்பார் பொடி குடுத்து விடும்மா, இருக்குறது இன்னும் நாலு நாளைக்குத்தான் வரும்.

உன் பொண்ணு